இருநூற்று நாற்பது கிலோ

முத்துப்பேட்டை சாலையில்
உரக்கடைக்கும் கூட்டுறவு வங்கிக்கும் நடுவே
தவமணி பேட்டரி ஹவுஸ்.
பழசைத் தந்தால் புதுசில் ஆயிரத்து எழுநூறு தள்ளுபடி.
பலகையில் எழுதியது நான்தான்.
அந்தப் பழசு எங்கே போகிறதென்று
பதினோரு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.

புயலடித்த வருஷம்
மூன்று வாரம் கரண்ட் இல்லாமல் கிடந்து
ஊரே இன்வெர்ட்டர் வாங்கியது.
அதற்கெல்லாம் இப்போது சாகிற வயசு.
விலா வீங்கி, முனையில் பச்சை பூத்து
மொபெட்டில் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்த் திரும்பி வருகின்றன.

மரியசூசை மாசம் ரெண்டு தடவை வருவார்.
வருவதற்கு முந்தின நாள் போன்:
"தண்ணிய எறக்கி வைங்க தாயி."
தண்ணி என்பார். தண்ணி இல்லை அது.
வீரையன் கொல்லைப்புறம் தூக்கிப்போய்
வாய்க்காலில் கவிழ்ப்பான்.
நாலு கை சுண்ணாம்பு.
புசுபுசுவென்று பொங்கி அடங்கும்.
அடங்கினதைத் தீர்ந்ததாக நினைத்துக்கொண்டோம்.
அவன் கைலி மட்டும்
துவைக்கத் துவைக்கக் கண்ணு கண்ணாய் விட்டது.

ஈயத்தை எந்தத் தோப்பில் வைத்து உருக்குகிறார்,
யார் ஊதுகிறார், எந்தக் காற்றில் என்று
நான் கேட்டதில்லை.
ரொக்கம் தருவார்.
கேட்காமல் இருந்ததற்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

இப்போது கம்பெனியிலிருந்து கடிதம்.
விற்றதற்குக் கணக்கு வைத்தால் போதாதாம்,
திரும்பி வந்ததற்கும் வேண்டுமாம்.
பதிவு பெற்ற ஆலைக்கு மட்டுமே,
அமிலத்தோடு, கவிழ்க்காமல், நிமிர்த்தி வைத்து.
ஆடிட்டர் ஆபீஸ் பர்வீன் வாசித்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றினாள்.
"பில் இல்லாம வெளிய போனா
இனிமே அது சரக்கு இல்லக்கா."
பிறகு என்ன?
"உங்க தப்பு."

ஆலைக்காரன் விலை
கிலோவுக்குப் பதினான்கு ரூபாய் குறைவு.
ஆயிரத்து எழுநூறை அழித்து
ஆயிரத்து இருநூறு என்று எழுதினேன்.
மத்தியானத்துக்குள்
எதிர்க்கடைப் பலகையில் ஆயிரத்து எண்ணூறு.
அங்கே படிவம் கிடையாது.
நாச்சிகுளம் கோழிப்பண்ணைக்காரர்
ஆறு பேட்டரி ஆர்டரோடு சாலையைக் கடந்தார்,
போகிறபோது எனக்கு ஒரு கும்பிடும் போட்டு.
அன்றைக்கு ராத்திரி
மரியசூசை நம்பரை எடுத்து
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பொய் சொல்வானேன், போனும் போட்டேன்.
சுவிட்ச் ஆஃப்.

வியாழக்கிழமை திருச்சியிலிருந்து ஆலை வண்டி.
முப்பத்தோரு பேட்டரி.
ரெஜிஸ்டரில் ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ:
மேலே அச்சடித்த எடையைப் பார்த்துப் போட்டது.
எடைமேடையில் ஆயிரத்து நானூறு.

டிரைவர் பேனாவால் தலையைச் சொறிந்தார்.
"இருநூத்தி நாப்பது ஒதைக்குதே, எங்க போச்சு?"

பன்னிரண்டு பேட்டரி
கடிதம் வருவதற்கு முன்பே கவிழ்த்தவை.
வீரையன் என்னைப் பார்த்தான்.
நான் கொல்லைப்பக்கம் பார்த்தேன்.
மேட்டூர் திறந்து இத்தனை நாள் கழித்து
முந்தாநாள்தான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணி வந்திருந்தது,
செருப்பும் பாட்டிலும் நுரையுமாக.
ஊரெல்லாம் கழுவி ஊற்றியது கடைமடைக்கு என்று
வருஷா வருஷம் திட்டுவோம்.
எங்களுக்குக் கீழேயும் வயல் இருக்கிறது.
வயல் முடிந்தால் இறால்குட்டை.
அதற்கும் கீழே, உப்பில் வேர் நிமிர்த்தி
அலையாத்தி நிற்கிறது.

குறைவுக்குக் காரணம் என்று
படிவத்தில் ஒரு கட்டம், விரலகலம்.
"ஆவியாப் போச்சுன்னு போடுங்கம்மா,
எல்லாரும் அதான் போடுறாங்க."

வாய்க்காலில் ஊற்றியது என்று எழுதினேன்.
எழுத்து கோணல்மாணலாக வந்தது.
டிரைவர் ஒருமுறை படித்தார்,
ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்தார்.

வண்டி கிளம்பியதும் வீரையன் கேட்டான்,
"அதுல என் பேரு வருமாக்கா?"
உன் பேரு வராதுடா,
கடைப் பேருதான் வரும் என்றேன்.

கடைக்கு
என் பேரு.